நான் இறக்கிவிட்ட பிரசிடெண்ட்

எங்கள் பஞ்சாயத்தில் பதின்மூன்று வார்டு. அந்தத் தேர்தலில் ஆறு வார்டு ஒரு கூட்டணிக்கும் ஆறு வார்டு இன்னொரு கூட்டணிக்கும் போயிற்று. மிச்சமிருந்த ஒன்றில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவள் நான். பஞ்சாயத்தின் பெயரையோ கட்சிகளின் பெயரையோ எழுதப் போவதில்லை. மூணாறிலிருந்து மலைக்குள் பிரிந்து போகும் ஏதோ ஒரு ரோட்டில், தேயிலைக்கு நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழுந்து எடுக்கிறவள். என் தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர். நான் பிறந்தது, கல்யாணம் கட்டிக்கொண்டது, பிள்ளை பெற்றது எல்லாம் ஒரே லயத்தில், ஒரே வரிசை வீடுகளில்தான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தேன். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிப் பேசி மலையாளம் வாயில் வந்துவிட்டது. ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பஸ்ஸை நிறத்தையும் டிரைவர் முகத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால், லயத்துப் பெண்கள் சேர்ந்து என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். ஜெயித்தும் விட்டேன்.

ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் லயத்திலேயே வளர்ந்தவர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். கீழே கல்லூரிக்குப் போய்ப் படித்து, யூனியனில் சேர்ந்து, கட்சியில் பெரிய ஆளாகியிருந்தார். மலையாளத்தில் அவர் மேடையேறிப் பேசினால் மலையாளிகளே வாயைப் பிளந்து கேட்பார்கள்.

"தங்கச்சி, நம்ம லயத்துல பொறந்த ஒருத்தன் அந்த நாற்காலியில உக்காரணுமா வேண்டாமா? நீயே சொல்லு" என்றார்.

"உக்காரணும்ண்ணே."

"அப்ப உன் ஓட்டு எனக்குத்தான்."

அப்படித்தான் ஏழுக்கு ஆறு என்று அவர் பிரசிடெண்ட் ஆனார். நான் எந்தக் கூட்டணியிலும் எழுதிக்கொடுத்துச் சேரவில்லை. ஓட்டு மட்டும் போட்டேன். பின்னால் இது எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது. சேர்ந்திருந்தால், பிறகு மாற்றி ஓட்டுப் போடும்போது கட்சி தாவியவள் என்று மெம்பர் பதவியே போயிருக்கும்.

முதல் வருஷம் அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கே ஆபீஸில் இருப்பார். எந்த ஃபைலும் அவர் மேஜையில் இரண்டு நாளுக்கு மேல் தூங்காது. என்ஜினீயர் வரவில்லை என்றால் தானே ஜீப் எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவார். எதிர்த்தரப்பு அவரை ஒரு நாளும் நிம்மதியாக விட்டதில்லை. அந்த ஆறு பேருக்குத் தலைவர் ஒரு மலையாளி. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் வைத்திருந்தவர். பெரிய தொண்டைக்காரர். கமிட்டி தொடங்கி ஐந்து நிமிஷத்தில் எழுந்து நின்று மேஜையைத் தட்டுவார். மைக் வயரைப் பிடுங்குவார்கள். அஜெண்டா காகிதத்தைக் கிழித்து எறிவார்கள். ஒரு நாள் பிரசிடெண்டின் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் கோபப்படவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். படியேறி வருகிறவர்களிடம், "வாங்க, இன்னைக்கு ஆபீஸ் இங்கதான்" என்று சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.

இரண்டாம் வருஷம் ஒரு கமிட்டி. அன்று தெருவிளக்கைப் பற்றியே மணிக்கணக்காகச் சண்டை. எல்லோரும் களைத்துவிட்டோம். முடிவில் மினிட்ஸ் புத்தகம் கையெழுத்துக்காக ஒவ்வொருவரிடமாக வந்தது. என்னிடம் வந்தபோது பிரசிடெண்டே எழுந்து வந்து பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"என்னண்ணே இது?"

"தெருவிளக்கு விஷயந்தான். போடு தங்கச்சி."

போட்டேன்.

பதினைந்து நாள் கழிந்திருக்கும். மேல்காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கீழே எங்கள் லயத்துக்கு முன்னால் ஒரு டெம்போ வந்து நின்றது தெரிந்தது. சிவப்பும் நீலமுமாகக் குட்டி நாற்காலிகளை ஏற்றினார்கள். எங்கள் அங்கன்வாடியின் நாற்காலிகள். அடுத்துப் பாத்திரங்கள், எடை பார்க்கும் தராசு, சுவரில் இருந்த படங்கள். நாங்கள் இறங்கி ஓடி வருவதற்குள் டெம்போ போய்விட்டது. அங்கன்வாடி மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறு வார்டுக்கு மாறிவிட்டது. ஓடையைத் தாண்டி, ஜீப்புகள் பறக்கும் ரோட்டோரமாக நடந்துதான் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேண்டும். காலை ஏழரைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெண்கள் அதை எப்படிச் செய்வார்கள்?

அங்கன்வாடி டீச்சர் கையில் உத்தரவு இருந்தது. அவள் படித்துச் சொன்னாள். தன் வார்டில் குழந்தைகள் குறைவாக இருப்பதால் அங்கன்வாடியை மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று அந்த வார்டு மெம்பரே கமிட்டியில் கேட்டுக்கொண்டாராம். கமிட்டி ஒருமனதாக ஏற்றுக்கொண்டதாம். மெம்பரின் கையெழுத்தும் இருக்கிறதாம்.

அந்த மெம்பர் நான்.

அன்று சாயங்காலம் எடை போடும் ஷெட்டில் யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தி ஜெயிக்க வைத்த பெண்களில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"எங்க பிள்ளைக எங்க கெடந்தா ஒனக்கென்ன? நீதான் நாற்காலியில உக்காந்துட்டியே."

அடுத்த கமிட்டியில் எழுந்து நின்று கேட்டேன். நான் அப்படிக் கேட்கவே இல்லை, எப்படி எழுதினீர்கள் என்று. பிரசிடெண்ட் செக்ரட்டரியைப் பார்த்தார். மினிட்ஸ் புத்தகம் வந்தது. செக்ரட்டரி படிக்க வாயெடுத்தார். பிரசிடெண்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெம்பர் தன்னே வாயிக்கட்டே" என்றார். மெம்பரே வாசிக்கட்டும்.

புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது என் கையெழுத்து மட்டும்தான். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ மூக்கால் சிரித்தார்கள். அடுத்து எதிர்வரிசையில் சிரித்தார்கள். ஜீப்புக்காரர், தொட்டதற்கெல்லாம் மேஜையைத் தட்டி நியாயம் கேட்கிறவர், தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வந்ததிலிருந்து அடித்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டணியும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"உக்காரு தங்கச்சி" என்றார் பிரசிடெண்ட், தமிழில், மெதுவாக. "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்னு தெரியாதா?"

நான் அழவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளிவாசல் திருப்பம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். இவனை அந்த நாற்காலியிலிருந்து இறக்காமல் விடுவதில்லை. அன்றிலிருந்து மனதுக்குள் அவன் என்றுதான் சொல்லி வந்தேன். எழுதும்போது மரியாதை கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கன்வாடி டீச்சருக்கும் அதே வெறி இருந்தது. அவள் பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் வேலந்தாவளத்துப் பெண். அங்கே மலையாளத்தில் படித்தவள். எங்கள் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். இப்போது தினமும் மூன்று கிலோமீட்டர் போக, மூன்று கிலோமீட்டர் வர நடந்துகொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னதும் அவள் என் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்கக்கா, இப்புடியே உக்காந்திருந்தா எழுத்து வந்துருமாக்கும்? நோட்டை எடுங்க. நான் சொல்லித் தர்றேனுங்க."

"எனக்கு நாப்பத்தி மூணு வயசாச்சு."

"வயசுக்கும் எழுத்துக்கும் என்னங்க சம்பந்தம்? பாதி எழுத்து நம்முளுதுதானுங்க்கா. கொஞ்சம் வளைச்சு உட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

அவள் சொன்ன மாதிரி அவ்வளவு சுலபமில்லை. கூட்டெழுத்துகள் என்னைக் கொன்றன. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவாள், ஆறரைக்குப் போவாள். அரிசிப் பை, மருந்துச் சீட்டு, பழைய பேப்பர், கோயில் நோட்டீஸ் என்று எது கிடைத்தாலும் என் முன்னால் நீட்டுவாள். நான் தப்பாகப் படித்தால் சிரிக்கமாட்டாள். "மறுக்கா" என்பாள், அவ்வளவுதான். ஏழெட்டு மாதத்தில் பேப்பரைத் தடவித் தடவிப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். அவளையும் என் வீட்டுக்காரரையும் தவிர இது யாருக்கும் தெரியாது. கமிட்டியில் பழையபடியே ஒன்றும் புரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மினிட்ஸ் புத்தகம் வந்தால் மெதுவாக ஓரக்கண்ணால் படிப்பேன். தப்பாக எதுவும் தெரிந்தால், கையெழுத்துப் போடாமல் வயிற்றுவலி என்று எழுந்து போய்விடுவேன்.

பிறகு செக்ரட்டரியிடம் மெம்பர் என்ற உரிமையில் இரண்டு வருஷ மினிட்ஸின் நகலைக் கேட்டு வாங்கினேன். "சேச்சிக்கு எதுக்கு?" என்று கேட்டார். வீட்டில் வைத்துக் கும்பிட என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அந்தத் தாள்களை நானும் டீச்சரும் ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தோம். அவரை மாட்டிவைக்க ஏதாவது கிடைக்குமா என்றுதான் தேடினேன். கமிஷன், திருட்டு என்று எதுவும் இல்லை. ஆனால் அவர் எப்படி ஆள்கிறார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. எதிர்த்தரப்பில் எவனாவது ஒரு கமிட்டியில் மேஜையைத் தட்டினால், அடுத்த கமிட்டியில் அவன் வார்டுக்கு ஏதாவது போயிருக்கும். தன் பக்கத்து ஆள் முறுக்கிக்கொண்டால் அவனுக்கும் போகும். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒன்று என் வார்டாக இருக்கும், இல்லையென்றால் ஆதிவாசிக் குடியிலிருந்து வந்த மெம்பரம்மாவின் வார்டாக இருக்கும். அவள் அவருடைய கூட்டணிதான். மூன்று வருஷத்தில் கமிட்டியில் ஒரு தடவைகூட வாயைத் திறக்காதவள். அவள் வார்டுக்கு வர வேண்டிய குடிநீர்க் குழாய் இரண்டு தடவை வேறு இடத்துக்குப் போயிருந்தது. இரண்டு தடவையும் அவளே கேட்டுக்கொண்டதாக எழுதியிருந்தது.

"எங்கூருச் சந்தையில மாடு கத்தாதுங்க்கா" என்றாள் டீச்சர், தாளை மடித்துக்கொண்டே. "தரகந்தான் கத்துவான். இங்கயும் அதேதானுங்க."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மழைக்காலத்தில் எங்கள் மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. விடியற்காலை. இரண்டு வீட்டின் பின்சுவர் விழுந்தது. ஆளுக்குச் சேதம் இல்லை, ஆனால் மேட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிரசிடெண்ட் எனக்கு முன்னால் அங்கே நின்றார். எஸ்டேட் ஜீப்கூட வந்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, கம் பூட்ஸ் போட்டு, நடக்க முடியாத ஒரு கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குள் எல்லாக் குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார். மத்தியானம் சோறு வந்தது. பாய், போர்வை வந்தது. டாக்டர் வந்தார். ஜீப்புக்காரர் மூன்று மணிக்குக் கேமராக்காரனோடு வந்தார்.

"தங்கச்சி, உன் வார்டு ஆளுக பேரை நீதான் எழுதணும். ஒரு வீடு விடக் கூடாது" என்று பிரசிடெண்ட் நோட்டைக் கொடுத்தார். தமிழில் எழுதிக்கொடுத்தேன்.

என் வார்டில் இரண்டு வீடு விழுந்து கிடக்கும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவன் இன்றைக்கு வராமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். வராமல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மோசமானது அதுதான். மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நாலாவது வருஷம் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீப்புக்காரர் இரண்டு மெம்பர்களோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் பேக்கரிக் கேக். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்களாம். ஆறு பேர் இருக்கிறார்கள். ஏழாவது நான்.

"சேச்சி, ஒரு வோட்டு. சேச்சிக்கு வைஸ் பிரசிடெண்ட் ஸ்தானம்" என்றார், பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும்.

"அன்னைக்கு நான் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்ப நீங்க சிரிச்சீங்க."

"எப்போ? நான் சிரிச்சோ?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு ஞாபகமே இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இந்த ஆளுக்கும் ஒன்று பாக்கி வைத்தேன்.

"பதவி வேண்டாம். ஒரு காகிதம் தர்றேன். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன்.

காகிதத்தை நானும் டீச்சரும் மலையாளத்தில் எழுதி வைத்திருந்தோம். முதல் கமிட்டியிலேயே அங்கன்வாடியை எங்கள் லயத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது முதல் பத்தி. அது அவர் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது பத்தியில் அந்த ஆதிவாசி மெம்பரம்மாவின் குழாய். மூன்றாவதில், எங்களைப் போன்ற தமிழ் மெம்பர்களுக்கு அஜெண்டாவும் மினிட்ஸும் தமிழிலும் தர வேண்டும், அதைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. ஜீப்புக்காரர் முதல் இரண்டு வரியைப் படித்தார். "அங்கன்வாடி, அல்லே? ஓகே, ஓகே" என்றார். எழுத்தே தெரியாத ஒருத்தி கொடுத்த காகிதத்தில் வேறு என்ன இருந்துவிடப் போகிறது? கையெழுத்தைப் போட்டார். மற்ற ஐந்து பேரும் அவர் போட்டதைப் பார்த்துப் போட்டார்கள். அவர்கள் போன பிறகு டீச்சர் கேக்கை வெட்டினாள். இருவரும் சிரித்துச் சிரித்துத் தின்றோம்.

தீர்மானத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம், பிரசிடெண்ட் வந்தார். தனியாகத்தான் வந்தார். முன்னறையில் உட்காராமல் நேராகச் சமையலறைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். சின்ன வயதில் என் அம்மா இருந்தபோது அப்படித்தான் உட்காருவார்.

"டீ போடு தங்கச்சி."

போட்டுக் கொடுத்தேன்.

"அவுகளுக்குப் போடப் போறியாக்கும்?"

"ஆமாண்ணே."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். அங்கன்வாடி." டீயை ஊதினார். "அந்த வார்டுக்காரன் அப்பத் தாவப் பாத்தான். அவனுக்கு எதையாச்சும் குடுத்து உக்கார வைக்கணும். இல்லைன்னா அன்னைக்கே ஆட்சி போயிருக்கும்."

"அதுக்கு எங்க பிள்ளைகதான் கெடைச்சுச்சா?"

"நீ சத்தம் போடமாட்டன்னு நெனச்சேன்."

இவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "புத்தகத்தைக் கையில குடுத்துப் படிக்கச் சொன்னீகளே, அது?" என்று கேட்டேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீ கேட்டதை வளர விட்டுருந்தா நான் அங்கயே முடிஞ்சிருப்பேன். ஒன்னைய உக்கார வைக்க வேற வழி தெரியலை."

"மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொல்லலாம். ஓட்டுக்குச் சொல்றேன்னு நெனைப்ப."

டீயைக் குடித்து முடித்து, தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் நான் மாறியிருக்கமாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

தீர்மானத்தன்று ஆபீஸுக்கு வெளியே இரண்டு பக்கமும் கொடி, கோஷம், நடுவில் போலீஸ். பிளாக்கிலிருந்து வந்த அதிகாரி தலைமை நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானத்தைப் படித்தார். விவாதம் தொடங்கியது. ஜீப்புக்காரர் சர்வாதிகாரம் என்றார். அதிகாரம் ஒரு கையில் குவிந்துவிட்டது என்றார். அவருடைய ஆட்கள் பேசியதும் இதே வாக்கியங்கள்தான், வரிசை மட்டும் வேறு. பிரசிடெண்டின் ஆட்கள் எழுந்து கத்தினார்கள். நான் என் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

எழுந்து, மினிட்ஸ் புத்தகம் வேண்டும் என்று கேட்டேன். மலையாளத்தில். அதிகாரி தலையாட்டினார். செக்ரட்டரி புத்தகத்தைக் கொண்டுவந்து, எனக்காகப் படிக்க நின்றார். "நிங்ஙள் இரிக்கூ" என்று அவரை உட்காரச் சொன்னேன்.

பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். முதல் வரியை விரல் வைத்துத் தடவிப் படித்தேன். இரண்டாவது வரியிலிருந்து விரல் தேவைப்படவில்லை. அங்கன்வாடித் தீர்மானம் முழுவதையும், என் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி, வாசித்து முடித்தேன். பிறகு குழாயைப் பற்றிய இரண்டு பக்கங்கள். அந்த மெம்பரம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வாசிக்க வாசிக்கப் பிரசிடெண்டின் முகம் புத்தகத்தைப் பார்த்து வெளிறியது. ஜீப்புக்காரரின் முகத்தையும் பார்த்துக்கொண்டேன். தான் கையெழுத்துப் போட்ட காகிதம் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியில் தமிழில் சொன்னேன்: "இதையெல்லாம் நாங்க கேக்கலை. நாங்க கேட்டதா எழுதியிருக்கு."

பிரசிடெண்ட் பதில் சொல்ல எழுந்தார். மறுப்பார், செக்ரட்டரி மேல் போடுவார் என்று நினைத்தேன்.

"மெம்பர் வாசித்தது சரி. எழுதச் சொன்னது நான்" என்றார். ஜீப்புக்காரரின் பக்கம் திரும்பினார். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, எந்த மாதம் கத்தினார்கள், அடுத்த மாதம் என்ன வாங்கினார்கள் என்று தாளைப் பார்க்காமல் சொன்னார். "நான் கொடுத்தது தப்பு. வாங்கியவர்கள்தான் இப்போது என் மேல் நம்பிக்கையில்லை என்கிறார்கள்" என்று உட்கார்ந்தார்.

அவர் அன்று பேசியதைப் போல ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டேன். ஓட்டுச்சீட்டின் பின்பக்கம் கையெழுத்து வேண்டும். தமிழில் போட்டேன். ஏழுக்கு ஆறு.

வெளியே வெடி வெடித்தார்கள். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி வரும் வரும் என்று இரண்டு மூன்று நாள் பார்த்தேன். வரவில்லை. அவருடைய முகம் புத்தகத்தைப் பார்த்து வெளிறியதை நினைத்து நினைத்து, கொழுந்து எடுக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜீப்புக்காரர் பிரசிடெண்ட் ஆனார். பதினோரு மணிக்கு வருவார், போனை எடுக்கமாட்டார். கத்தத் தெரிந்த அளவுக்கு அவருக்கு ஃபைல் பார்க்கத் தெரியவில்லை. முதல் கமிட்டியில் அங்கன்வாடி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. காகிதத்தை நீட்டினேன். "அது அப்போழல்லே சேச்சி" என்றார். அது அப்போதைய பேச்சாம். லீவு போட்டு அவர் அறைக்கு முன்னால் போய் உட்கார ஆரம்பித்தேன். டீச்சரும் கைக்குழந்தைக்காரிகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஷெட்டில் என்னைத் திட்டியவள் முதல் ஆளாக வந்தாள்.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பழைய பிரசிடெண்ட் எதிர்வரிசையில் உட்கார்ந்து, கமிட்டி தொடங்கியதும் எழுந்தார். "லயத்துப் பிள்ளைகளின் அங்கன்வாடி எங்கே?" என்று மேஜையைத் தட்டினார். யார் எடுத்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வெட்கமே இல்லை. ஒவ்வொரு கமிட்டியிலும் தட்டினார். அஜெண்டாவைக் கிழித்தார். பேப்பரில் படத்தோடு வந்தது. எதிர்க்கட்சியாக இருக்கவும் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மூன்றாம் மாதம் புதிய பிரசிடெண்ட் பயந்துபோய் அங்கன்வாடியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த மாதம் ஆதிவாசி மெம்பரம்மாவின் வார்டுக்குக் குழாயும் போய்ச் சேர்ந்தது. தமிழ் அஜெண்டா மட்டும் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டது.

குட்டி நாற்காலிகள் இறங்கிய அன்று லயத்தில் பாயசம் வைத்தார்கள். "நம்ம அண்ணன் போராடி வாங்கிக் குடுத்துட்டாக" என்று இரண்டு பேர் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பாயசத்தை நான் தொடவில்லை.

"உடுங்க்கா" என்றாள் டீச்சர். "நாம யாரை எறக்கணுமோ எறக்கியாச்சு."

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பொது வார்டாக மாறியது. அவரே வந்து அதில் நின்றார். நானும் நின்றேன். காலையும் மாலையும் எங்கள் லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. யாரிடமும் என்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. "எங்க தங்கச்சி நல்லவதான், கோவம் ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னாராம். என்னைத் தோற்கடிக்க அதைவிடப் பெரிதாக எதையும் சொல்லியிருக்க முடியாது. நான் தோற்றேன். அவர் ஜெயித்தார். ஆனால் இந்தத் தடவை அவர் கூட்டணிக்கு ஆள் போதவில்லை. வெறும் மெம்பராகத்தான் இருக்கிறார். அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவில்லை என்பதில் எனக்கு நிறைய சந்தோஷம்.

ஜெயித்த முதல் வருஷமே, ரோட்டிலிருந்து மேல் லயம் வரைக்கும் சிமெண்டுப் படி கட்டிக்கொடுத்தார். ஓரத்தில் இரும்புக் கைப்பிடியும் உண்டு. நான் மெம்பராக இருந்த ஐந்து வருஷத்தில் அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுகூட இல்லை. நல்ல வேலை, ஒரு படிகூட ஆடவில்லை. தினமும் இரண்டு வேளை அதில்தான் ஏறி இறங்குகிறேன், எரிச்சலோடு. கைப்பிடியைத் தொடுவதில்லை. மழை நாளில், முதுகில் கொழுந்து கனக்கும்போது மட்டும், வேறு வழியில்லாமல் பிடித்துக்கொள்கிறேன்.